435 போதாது: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு டெலவேர்ல இருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹவுஸ் ஆஃப் ரெப்ரசென்டேட்டிவ்ஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் டெலவேர்ல வில்மிங்டன் பக்கம் குடியிருக்கிற ஒரு சாதாரண வோட்டர். உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தமிழ் படிக்க வராதுன்னு தெரியும், இருந்தாலும் தமிழ்லயே எழுதுறேன், ஏன்னா இந்த விஷயத்துல என்னோட சேர்ந்து உங்க கதவைத் தட்ட வேண்டியவங்க தமிழ் படிக்கிறவங்கதான், இங்க சிட்டிசன்ஷிப் வாங்கி ஜூலை 4க்கு கொடியோட போட்டோ போட்டுட்டு, உங்க காங்கிரஸ் மெம்பர் யாருன்னு கேட்டா போனை எடுத்து தேடுறவங்க. அவங்க முதல்ல படிக்கட்டும், அப்புறமா நாங்க எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு புரியற மாதிரி சொல்றோம்.

நேரா விஷயத்துக்கு வரேன். உங்க சபையில இப்ப இருக்கிறது 435 சீட்டு, அந்த எண்ணிக்கையை கூட்டணும். 2020 சென்சஸ் கணக்குல எங்க டெலவேருக்கு ஏறக்குறைய 9,90,000 பேர், சீட்டு ஒண்ணு. மொன்டானாவுக்கு 10,85,000 பேர், சீட்டு ரெண்டு. அதாவது அங்க ஒரு மெம்பருக்கு சுமார் 5,43,000 பேர், எங்களுக்கு அதைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எங்க மெம்பர் மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, யாரு வந்தாலும் இதே கதைதான், ஏன்னா உங்க விதிப்படி ஒரு மெம்பர் 18 முழுநேர ஸ்டாஃப், கூட பகுதிநேரமா ஒரு நாலு பேர் வச்சுக்கலாம், அத்தனை பேரை வச்சுக்கிட்டு பத்து லட்சம் பேரை எப்படிங்க பார்க்கறது? நாடு முழுக்க சராசரி எடுத்தாலும் ஒரு மெம்பருக்கு 7,61,000 பேர்.

சரி, இதுக்கும் கட்சி சண்டைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. உங்க மேடைப் பேச்சுல எல்லாம், அரசியல் சட்டத்தை உருவாக்கினவங்கள்ல முக்கியமான ஜேம்ஸ் மேடிசனை இழுக்காம விட மாட்டீங்க, கோஷ்டி சண்டை கூடாதுன்னு அவர் சொன்னார்னு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சொல்லுவீங்க. அவர் அப்படி சொல்லவே இல்ல. 1787 நவம்பர் 22ஆம் தேதி நியூயார்க் பத்திரிகையில பப்ளியஸ்ங்கிற புனைபெயர்ல, புது அரசியல் சட்டத்துக்கு ஆதரவா வந்த பெடரலிஸ்ட் கட்டுரைத் தொடர்ல 10ஆம் கட்டுரையில அவர் சொன்னது, கோஷ்டியை ஒழிக்கவே முடியாது, அது மனுஷன் புத்தியிலயே இருக்கு, சுதந்திரம் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும், அதனால வர்ற கேட்டைத்தான் கட்டுப்படுத்த முடியும்னு. அதுக்கு அவர் சொன்ன வழி ரெண்டு. நாடு பெருசா இருக்கணும், அப்பதான் எந்த ஒரு கோஷ்டியும் தனியா மெஜாரிட்டி ஆக முடியாது. ஜனங்க நேரா சட்டம் போடாம பிரதிநிதிகளை வச்சு போடணும், அப்பதான் ஆத்திரம் கொஞ்சம் வடிகட்டப்படும். இது வரைக்கும் ஸ்கூல்லயே சொல்லிக்கொடுக்கறாங்க, சிட்டிசன்ஷிப்புக்கு படிக்கும்போது நாங்களும் படிச்சோம். அதே கட்டுரையில அடுத்து வர்ற இடம்தான் யார் கண்ணுலயும் படறதில்ல. ஒரு பிரதிநிதிக்கு வோட்டர் எண்ணிக்கையை ரொம்ப ஏத்திட்டா அவருக்கு அந்த ஊரோட நிலவரமும் சின்னச் சின்ன தேவைகளும் தெரியாம போயிடும், ரொம்ப குறைச்சுட்டா ஊர் விஷயத்துலயே ஒட்டிக்கிட்டு நாட்டுப் பொதுக்காரியத்தை பார்க்க மாட்டார், ரெண்டு பக்கமும் இடைஞ்சல் இருக்குன்னு சொல்றார். அவர் வச்ச மருந்துக்கு அளவு ரொம்ப முக்கியம். நீங்க மருந்தோட பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டு அளவை தூக்கி எறிஞ்சுட்டீங்க.

அந்த அளவு என்னங்கறதுல அப்பவே பெரிய தகராறு. அரசியல் சட்டத்தை எழுதின பிலடெல்பியா மாநாட்டுல 40,000 பேருக்கு ஒருத்தருக்கு மேல கூடாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. கடைசி நாள், 1787 செப்டம்பர் 17, கையெழுத்து போடற நேரத்துல, மாசாசூசெட்ஸ்காரர் நத்தானியல் கோரம் எழுந்து இதை 30,000 ஆக்கலாம்னார். மாநாடு முழுக்க தலைமை நாற்காலியில உட்கார்ந்து விவாதத்துல வாயே திறக்காத ஜார்ஜ் வாஷிங்டன் அப்பதான் எழுந்து, ஆமா, பிரதிநிதிகள் கம்மியா இருக்கறது ஜனங்களோட உரிமைக்கு போதுமான பாதுகாப்பு இல்ல, மாத்துங்கன்னு கேட்டார். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நாலு மாசம் உட்கார்ந்த மாநாட்டுல அந்த மனுஷன் விவாதத்துல கலந்துக்கிட்டு பேசின ஒரே பேச்சு இதுக்குத்தாங்க.

அப்பவும் நிறைய பேருக்கு திருப்தி இல்ல. முதல் சபைக்கு வச்சது 65 சீட்டு, அதுல டெலவேருக்கு ஒண்ணு. 1788 ஜூன்ல நியூயார்க் மாநிலத்து பக்கிப்ஸி ஊர்ல அரசியல் சட்டத்தை ஏத்துக்கலாமான்னு விவாதம் நடந்தப்போ மெலாங்டன் ஸ்மித்னு ஒருத்தர் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. இவ்வளவு பெரிய தொகுதியில யார் ஜெயிப்பாங்க? காசும் பேரும் இருக்கிற பெரிய வீட்டுக்காரங்கதான், நடுத்தர விவசாயிக்கு அங்க என்ன வேலை, பிரதிநிதின்னா ஜனங்களோட சாயல் இருக்கணும், அவங்க கஷ்டம் தெரிஞ்சவனா இருக்கணும்னு சொன்னார். எதிர்த்து பேசினது அரசியல் சட்டத்துக்கு ஆதரவா நின்ன அலெக்சாண்டர் ஹாமில்டன், சும்மா சொல்லக்கூடாது, அவரும் நல்லாவே பேசினார். ஆனா 235 வருஷம் கழிச்சு ஒரு எலக்‌ஷனுக்கு நீங்க எவ்வளவு நன்கொடை திரட்ட வேண்டியிருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஸ்மித் சொன்னது நடந்துச்சா ஹாமில்டன் சொன்னது நடந்துச்சான்னு நீங்களே சொல்லுங்க.

அப்போ எதிர்த்தவங்களை சமாதானப்படுத்த கொடுத்த வாக்குறுதி ஒண்ணு இருக்கு. பெடரலிஸ்ட் 55ல, கவலைப்படாதீங்க, 65 ஆரம்பம்தான், சென்சஸ் வந்தா ஏறும், இருபத்தஞ்சு வருஷத்துல 200 ஆகும், அம்பது வருஷத்துல 400 ஆகும்னு எழுதியிருக்கு. வாயால மட்டும் சொல்லல, 1789 செப்டம்பர்ல காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பின 12 திருத்தத்துல முதல் திருத்தமே இதுதான், ஜனத்தொகை ஏற ஏற சபையும் எப்படி ஏறணும்னு. இன்னிக்கு பேச்சு சுதந்திரத்தை முதல் திருத்தம்னு சொல்றீங்களே, அது அந்த லிஸ்ட்டுல மூணாவது. முதல்ல இருந்தது நிறைவேறவே இல்ல. ரெண்டாவதா இருந்த மெம்பர் சம்பளத் திருத்தம் இருநூறு வருஷம் தூங்கி, டெக்சாஸ்ல ஒரு காலேஜ் பையன் கிளப்பி விட்டதுல 1992ல சட்டமாவே ஆயிடுச்சு. முதலாவது மட்டும் இன்னும் தொங்குது. இதுல எனக்கு தலைகுனிவு என்னன்னா, 1790 ஜனவரியில மத்த 11 திருத்தத்தையும் ஏத்துக்கிட்டு அந்த ஒண்ணை மட்டும் வேண்டாம்னு தள்ளினது எங்க டெலவேர். சின்ன மாநிலம், சபை பெருசானா நம்ம ஒரு சீட்டுக்கு மதிப்பு குறைஞ்சிடும்னு கணக்கு போட்டிருப்பாங்கன்னுதான் தோணுது.

இனி கோஷ்டி கதைக்கு வரேன், இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும். 1790ல முதல் சென்சஸ் எடுத்தாச்சு, சீட்டு பிரிக்கணும். காங்கிரஸ் ஒரு பில் போட்டுச்சு. மொத்த ஜனத்தொகையை 30,000ஆல வகுத்தா 120 வருது. ஆனா மாநிலம் மாநிலமா வகுத்து மிச்சத்தை விட்டா 112தான் வருது. அந்த எட்டு சீட்டை மிச்சம் அதிகமா இருக்கிற எட்டு மாநிலத்துக்கு ஆளுக்கொண்ணு கொடுத்துட்டாங்க. டெலவேருக்கு கணக்குல வர்ற ஜனத்தொகை 55,540, அதுல ஒரு சீட்டு ரெண்டு ஆச்சு. (இந்த கணக்குல அடிமையா இருந்தவங்களை அஞ்சுல மூணு பங்கா எண்ணினாங்கங்கறதை சொல்லாம தாண்ட முடியாது, ஓட்டு கிடையாது, ஆளா மதிக்கல, ஆனா முதலாளியோட மாநிலத்துக்கு சீட்டு சேர்க்க மட்டும் அவங்க தலை தேவைப்பட்டுச்சு.) எட்டுல அஞ்சு வடக்கு, ஒண்ணு டெலவேர், மிச்சம் ரெண்டு கரோலினாவும். ஆனா ஓட்டு விழுந்தது சுத்தமா வடக்கு தெற்குன்னு பிரிஞ்சு.

அந்த பில் பிரசிடென்ட் வாஷிங்டனோட மேசைக்கு போச்சு. கையெழுத்து போடலாமா கூடாதான்னு மந்திரி சபையே ரெண்டா நின்னுச்சு, ஹாமில்டனும் நாக்ஸும் போடலாம்னு, ஜெபர்சனும் ராண்டால்ஃபும் கூடாதுன்னு. ஜெபர்சன் எழுதி வச்ச குறிப்பு இருக்கு. பில் கைக்கு வந்த பத்தாவது நாள், அதுக்கு மேல வச்சிருந்தா தானா சட்டமாயிடும், காலை சாப்பாட்டுக்கு முன்னாடியே வாஷிங்டன் ஜெபர்சன் வீட்டுக்கு வந்துட்டார். முதல்ல வேற ஏதோ பேசிட்டு மெல்ல இதுக்கு வர்றார். நீ சொல்ற மாதிரி இது அரசியல் சட்டத்துக்கு ஒத்து வரலதான், ஆனா ஓட்டு பூகோளப்படி பிரிஞ்சிருக்கு, நான் நிராகரிச்சா தெற்கு கோஷ்டி பக்கம் சாஞ்சுட்டேன்னு சொல்லுவாங்களேன்னு பயப்படறார். ஜெபர்சன் நேரா ராண்டால்ஃப் வீட்டுக்கு போய் மேடிசனையும் கூப்பிட்டு, மறுப்பு வாசகத்தை தயார் பண்ணி ராண்டால்ஃப் கையில அனுப்பினாங்க. வாஷிங்டன் படிச்சுட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்து, நிஜமாவே நீ இதை ஒத்துக்கறியான்னு மறுபடி கேட்டாராம், ஆமாங்க, சத்தியமான்னு ராண்டால்ஃப் சொன்னாராம். வாஷிங்டன் பில்லை நிராகரிச்சார். அமெரிக்க சரித்திரத்துல ஒரு பிரசிடென்ட்டோட முதல் வீட்டோ அது, 1792 ஏப்ரல் 5. அடுத்த வாரமே 33,000க்கு ஒருத்தர்னு வேற பில் போட்டு 105 சீட்டு ஆக்கினாங்க.

இப்ப கணக்கை பாருங்க. நிராகரிச்ச பில்லுல வர்ஜினியாவுக்கு 120ல 21. புது பில்லுல 105ல 19. சதவீதம் பார்த்தா 17.5ல இருந்து 18.1க்கு ஏறிடுச்சு. டெலவேர் ரெண்டுல இருந்து மறுபடி ஒண்ணு. மறுப்பை உட்கார்ந்து எழுதின மூணு பேருமே வர்ஜினியாக்காரங்க, கையெழுத்து போட்டவரும் வர்ஜினியாக்காரர்! அரசியல் சட்டத்தோட வாசகப்படி அவங்க சொன்னது சரிதான்னுதான் நானும் நினைக்கிறேன், 30,000க்கு ஒருத்தருக்கு மேல கூடாதுன்னு இருக்கு, அதை மாநிலம் மாநிலமாத்தான் பார்க்கணும்னு எனக்கு படுது. ஆனா கோஷ்டி எப்படி முளைக்கும்னு எழுதின மேடிசனே நாலரை வருஷத்துல கோஷ்டி வீட்டு மேசையில உட்கார்ந்து பேனா புடிச்சார் பாருங்க, அதுதான் நான் உங்களுக்கு காட்ட வந்தது. சீட்டை எண்ணுற வேலையில எப்பேர்ப்பட்ட நல்லவனையும் சொந்த ஊரு இழுக்கும். மேடிசனும் பட்டவர்தான், 1789ல முதல் சபைக்கு அவர் நின்ன தொகுதியையே அவரோட வர்ஜினியா எதிராளி பேட்ரிக் ஹென்றி ஆளுங்க அவரை தோற்கடிக்கத்தான் வரைஞ்சாங்கன்னு அவர் பக்கத்து ஆளுங்க சொன்னாங்க, எதிர்த்து நின்னது ஜேம்ஸ் மன்றோ, குளிர்காலத்துல ரெண்டு பேரும் சர்ச் வாசல்ல விவாதம் பண்ணிட்டு ராத்திரி பன்னிரண்டு மைல் குதிரையில திரும்பினதுல மேடிசனுக்கு மூக்கு உறைஞ்சு தழும்பாயிடுச்சு. 336 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். அவ்வளவு சின்ன தொகுதி, அலைஞ்சா எல்லாரையும் பார்த்துடலாம், அதனாலதான் வரைஞ்ச கோட்டையும் மீறி ஜெயிக்க முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்.

ஒரு மாநிலத்துக்கு ஒத்தை ஆளு இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கும் எங்க ஊரே சாட்சி. 1800 பிரசிடென்ட் தேர்தல்ல ஜெபர்சனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 எலக்டர் ஓட்டு (பிரசிடென்ட்டை தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கிறவங்களோட ஓட்டு) வாங்கி சமமா நின்னாங்க, ரெண்டு பேரும் ஒரே கட்சி, அந்தக் காலத்துல பிரசிடென்ட்டுக்கு தனி ஓட்டு வைஸ் பிரசிடென்ட்டுக்கு தனி ஓட்டுன்னு கிடையாது. முடிவு உங்க சபைக்கு வந்துச்சு. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, 16 மாநிலம், 9 வேணும். 1801 பிப்ரவரி 11 முதல் சுற்று, ஜெபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, வெர்மான்ட்டும் மேரிலாந்தும் உள்ளுக்குள்ளயே பிரிஞ்சு ஓட்டு இல்ல. வெளியில பனி கொட்டுது, மேரிலாந்து மெம்பர் ஜோசப் நிக்கல்சன் காய்ச்சல்ல கிடந்தவரை கட்டிலோட தூக்கிட்டு வந்து பக்கத்து ரூம்ல போட்டாங்க, மனைவி கூடவே இருந்து கவனிச்சுக்கிட்டாங்க, ஒவ்வொரு சுற்றுக்கும் படுத்தபடியே எழுதிக் கொடுத்தார், அவர் ஒரு தடவை தவறியிருந்தா மேரிலாந்து பர்ர் பக்கம் போயிருக்கும். இப்படியே ஒரு வாரம், 35 சுற்று. டெலவேரோட ஒரே மெம்பர் ஜேம்ஸ் பேயர்ட், எங்க வில்மிங்டன்காரர், ஜெபர்சனுக்கு எதிரான பெடரலிஸ்ட் கட்சி. அவர் ஓட்டுதான் மாநிலத்தோட ஓட்டு. பர்ரை நம்பாதேன்னு ஹாமில்டன் அவருக்கு கடிதமா எழுதித் தள்ளினார். கடைசியில பிப்ரவரி 17, 36ஆவது சுற்றுல பேயர்ட் வெத்துச் சீட்டு போட்டார், தெற்கு கரோலினாவும் அப்படியே, வெர்மான்ட்டும் மேரிலாந்தும் எதிர்த்தவங்க ஒதுங்கினதுல ஜெபர்சன் பக்கம் வந்துடுச்சு, 10க்கு 4ன்னு முடிஞ்சுது. நாடு பிழைச்சுது, சரி, பேயர்டுக்கு நான் நன்றிதான் சொல்லுவேன். ஆனா ஒரு மாநிலமே ஒரு மனுஷனோட மனசாட்சியில தொங்கினது நல்ல ஏற்பாடுன்னு யாராவது சொல்லுவீங்களா?

அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல சபை ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு, 1840 சென்சஸுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை 240ஐ 223 ஆக்கினதை தவிர. 1911ல போட்ட சட்டம் 433ன்னு வச்சுது, அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் வந்து 435 ஆச்சு. அப்ப ஒரு மெம்பருக்கு சுமார் 2,10,000 பேர். அப்புறம் வந்துச்சு 1920 சென்சஸ். முதல் தடவையா கிராமத்தை விட நகரத்துல ஜனம் அதிகம்னு காட்டுச்சு, அதுலயும் நகரத்துல பாதிக்கு பாதி புதுசா கப்பல்ல வந்தவங்களும் அவங்க புள்ளைங்களும். சீட்டு பிரிச்சா கிராமத்து மெம்பர்களுக்கு வேலை போயிடும். என்ன பண்ணாங்க? பிரிக்கவே இல்ல! அரசியல் சட்டம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணுன்னு சொல்லியும் அந்த பத்து வருஷம் முழுக்க சும்மா உட்கார்ந்துட்டாங்க. 1929ல ஒரு சமரசம், 435லயே நிறுத்திக்கலாம், இனிமே கணக்கு தானா நடக்கட்டும்னு. அதோட தொகுதிகள் சமமா, ஒழுங்கான வடிவத்துல இருக்கணும்ங்கிற பழைய நிபந்தனையும் அந்த சட்டத்துல காணாம போச்சு, அப்புறம் மாநிலத்துக்குள்ள அவங்கவங்க இஷ்டத்துக்கு வரைஞ்சாங்க, 1964ல சுப்ரீம் கோர்ட் வந்து தலையில குட்டின வரைக்கும். 435ங்கிற நம்பர் இப்படி வந்ததுதான். அதை எந்த மகானும் எழுதி வைக்கல, பத்து வருஷம் சீட்டை விட மனசில்லாத ஒரு கோஷ்டி எழுதி வச்சது. ஊர்ல தொகுதி மறுவரையறைன்னு ஒரு வார்த்தை சொன்னா எவ்வளவு சூடு கிளம்பும்னு எங்க ஆளுங்களுக்கு நல்லா தெரியும், அதனால அந்தப் பயம் எனக்கு புரியாமலும் இல்ல.

எதிர்வாதத்தையும் நானே சொல்லிடறேன். கூட்டம் பெருசானா சந்தை மாதிரி ஆயிடும்னு அதே பெடரலிஸ்ட் 55 சொல்லுது, ஏதென்ஸ்ல ஒவ்வொருத்தனும் சாக்ரடீஸா இருந்திருந்தாலும் அந்த சபை கும்பலாத்தான் இருந்திருக்கும்னு. ஒத்துக்கறேன். ஆனா நான் 30,000க்கு ஒருத்தர்னு கேட்கல, அப்படிப் பார்த்தா 11,000 பேர் வேணும், அது பைத்தியக்காரத்தனம். ஜனத்தொகையோட கனமூலம்னு ஒரு கணக்கு அரசியல் படிச்சவங்க சொல்றாங்க, பல நாட்டு சபைகள் ஏறக்குறைய அதையொட்டித்தான் இருக்கு, 33 கோடி சொச்சம் பேருக்கு அது 692 வருது. உட்கார இடம் இல்லன்னு சொல்லாதீங்க, பிரிட்டன்ல 650 எம்பி, அவங்க சபையில அத்தனை பேருக்கு பெஞ்சே கிடையாது, முக்கியமான நாள்ல நின்னுக்கிட்டுதான் இருக்காங்க. ரெண்டாவது, சபை பெருசானா கட்சி சண்டை ஓயும்னு நான் சொல்லவே இல்ல. 1798ல நூத்திச் சொச்சம் பேர் இருந்தப்பவே மாத்யூ லயன்ங்கிற மெம்பர் இன்னொரு மெம்பர் மூஞ்சியில காறித் துப்பி, துப்பு வாங்கின கிரிஸ்வால்ட் சபைக்குள்ளயே கைத்தடியால அவரை வெளுத்து, லயன் கணப்புக்கு வச்ச இடுக்கியை எடுத்துக்கிட்டு பாஞ்சார், அதெல்லாம் உங்களுக்கு பழக்கமான வீட்டுச் சண்டைதான். நான் கேட்கறது, சண்டை போடறவர் யாருக்காக போடறாரோ அவங்க அவரைப் பிடிச்சு கேள்வி கேட்கற தூரத்துல இருக்கட்டும்.

இதுக்கு அரசியல் சட்டத் திருத்தமெல்லாம் வேண்டாம். 1929ல போட்டது சாதாரண சட்டம், சாதாரண சட்டத்தால மாத்தலாம், 1959ல அலாஸ்காவும் ஹவாயும் வந்தப்போ கொஞ்ச நாளைக்கு 437 ஆகலையா? என் கோரிக்கை, எத்தனை சீட்டுன்னு உங்களை உட்கார்ந்து முடிவு பண்ணச் சொல்றதில்ல, அதை நீங்க பண்ணவே கூடாது, ஒவ்வொரு சென்சஸுக்கும் சூத்திரம் தானா நம்பரை சொல்லட்டும், சூத்திரத்தை மட்டும் இப்பவே சட்டத்துல எழுதுங்க. யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம்னு தெரியறதுக்கு முன்னாடி எழுதினாத்தான் எழுத மனசு வரும். அடுத்த சென்சஸ் நாள் 2030 ஏப்ரல் 1, மாநிலவாரி கணக்கு அந்த வருஷக் கடைசிக்குள்ள பிரசிடென்ட் கைக்கு போயிடும். அந்தக் கணக்கு வெளியில வந்த மறுநாள் இந்தப் பேச்சை எடுத்தா 1920தான் மறுபடி நடக்கும். இந்த மடலை படிக்கிற தமிழ் வோட்டர்களும் அவங்கவங்க மெம்பர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, 435 பத்தி உங்க நிலைப்பாடு என்னன்னு கேளுங்க, அடுத்த எலக்‌ஷனுக்கு ஓட்டு கேட்டு வரும்போதும் அதையே கேளுங்க.

இப்படிக்கு,
வில்மிங்டன்ல இருந்து ஒரு வோட்டர்